கூரையில் விழும் ஹெலிகாப்டர்

“இந்த மாசத்துல இது எத்தனையாவது இறக்கைடா?”

ஜீவராஜ் கேட்டதும் நிரஞ்சன் சிரித்துக்கொண்டே விரல்களை மடக்கினான். “மூணு சோடி இறக்கை. ஒரு வால் விசிறி. ஒரு பல்சக்கரம். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? ஸ்பெயார் பார்ட்ஸ் விக்கிற ராசிக் நானா உன் காசுலதான் கடைக்குப் புதுப் பெயின்ட் அடிச்சிருக்காரு, போய்ப் பாரு!”

அக்கரப்பத்தனைக்குப் பக்கத்துத் தோட்டம். வேலைநாட்களில் காலையில் ஆட்கள் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இந்த இரண்டு நண்பர்களுக்கும் விமானத் தளமாகிவிடும். நிரஞ்சன் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவன். ஜீவராஜ் ஹட்டனில் போன் கடை வைத்திருப்பவன். இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. ரிமோட் ஹெலிகாப்டர் ஆசைதான் இன்னும் தாண்டவில்லை.

“என்னுதப் பாரு. நாப்பத்தையாயிரம். வாங்கி எட்டு மாசம், ஒரு கீறல் இல்ல.” ஜீவராஜ் தன் சிவப்பு ஹெலிகாப்டரைத் துணியால் துடைத்தான்.

“பறக்க விட்டாத்தானே கீறல் விழும்? நீ துடைக்கிறதுலயே பெயின்ட் போயிரும்.”

“இதுக்கு ஒரு சோடி இறக்கை ஐயாயிரம்டா. அதுவும் கொழும்புல சொல்லி வச்சு மூணு வாரம் காத்திருக்கணும். பயமா இருக்காதா?”

“என்னுதுக்கு அறுநூத்தம்பது. நினைச்ச நேரம் கிடைக்கும்.”

“அதுக்காக வாராவாரம் வீரம்மா அக்கா கூரையிலயே கொண்டுபோய் விழுத்துவியா? தோட்டத்துல வேற கூரையே இல்லையா?”

“காத்து அந்தப் பக்கம் இழுக்குதுடா.”

“அந்தக்கா ரோசக்காரி. போன மழைக்குக் கோயில் கமிட்டி தகரம் வாங்கிக் குடுத்ததுக்கே, நான் யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேன்னு திருப்பி அனுப்பினவங்க. ஒரு நாளைக்கு உன் மெஷினைத் தூக்கி அடுப்புல போடப் போறாங்க, பாரு.”

ஜீவராஜ் களத்தின் நடுவே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டான்.

“பந்தயம். இந்த வட்டத்துக்குள்ள எறக்கு. எறக்கிட்டா ஒரு வருசத்துக்கு உன் ஸ்பெயார் பார்ட்ஸ் எல்லாம் என் செலவு. கூரையில விழுந்தா மெஷின் எனக்கு. அப்புறம் நீ பறக்க விடவே கூடாது.”

நிரஞ்சனின் சிரிப்பு நின்றது. ஒரு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஹெலிகாப்டர் அது. அவன் வானத்தைப் பார்த்தான். மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“நாளைக்குப் பெரிய மழைன்னு ரேடியோவுல சொன்னாங்கல்ல?”

“பேச்சை மாத்தாத.”

“சரி, பந்தயம்.” தோட்டத்து மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பி நிரஞ்சன் கும்பிட்டான். “ஆத்தா, எறங்க வேண்டிய எடத்துல எறங்கணும்.”

“ஆத்தாவுக்கு ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியாதுடா!”

ஹெலிகாப்டர் எழுந்தது. கொடிக்கம்பத்தை இரண்டு முறை சுற்றியது. இறங்கி வந்து, வட்டத்துக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் அசையாமல் நின்றது. ஜீவராஜ் தன்னை மறந்து கைதட்டினான்.

நிரஞ்சன் இன்னொரு தடவை மேகத்தைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

மறுநொடி ஹெலிகாப்டர் சட்டென்று மேலே ஏறி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தை நோக்கிப் பறந்து, வீரம்மா வீட்டுக் கூரையில் தடாலென்று விழுந்தது. பக்கத்தில் நின்ற சவுக்கு மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

“போச்சு! கைக்கு வந்ததை விட்டுட்டியேடா!”

நிரஞ்சன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

“பையில என்னடா, இவ்வளவு கனமா?”

“ஸ்பெயார் பார்ட்ஸ்தான்.”

வீரம்மா வீட்டுச் சுவரில் ஏணி ஏற்கனவே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நிரஞ்சன் மேலே ஏறினான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆயிற்று. டக் டக்கென்று சத்தம் மட்டும் வந்தது.

“பிளாஸ்டிக் இறக்கையைச் சுத்தியலாலயா தட்டுற? அதான் மூணு சோடி போயிருக்கு!” என்று கீழேயிருந்து ஜீவராஜ் கத்தினான்.

இருபது நிமிடம் கழித்து நிரஞ்சன் இறங்கி வந்து, இறக்கை முறிந்த ஹெலிகாப்டரை நண்பனின் கையில் வைத்தான். “பந்தயம் பந்தயம்தான். வச்சுக்க.”

வீரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் இரண்டு கிளாஸ் பிளேன்டீ, ஆவி பறந்தது.

“ஏம்ப்பா, உங்க வெளாட்டுக்கு என் வீட்டுக் கூரைதான் கெடைச்சுச்சா? வயசுக்கேத்த புத்தி வேணாம்? குடிங்க, ஆறிப் போகும்.”

“மன்னிச்சுக்கங்க அக்கா, இனிமே விழாது” என்றான் ஜீவராஜ்.

வீரம்மா திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு நிரஞ்சனிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரே ஒரு தடவை அடுப்படிப் பக்கமா விழட்டும்ப்பா. அங்கதான் இன்னும் ஒழுகுது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜீவராஜ் அண்ணாந்து பார்த்தான். துருப்பிடித்த கூரையில் அங்கங்கே புதுத் தகரத் துண்டுகள், புது ஆணிகள், ஈரம் காயாத தார். முறிந்த ஹெலிகாப்டரை நிரஞ்சனின் கையில் திருப்பி வைத்துவிட்டு, தன் நாற்பத்தையாயிரம் ரூபாய் ஹெலிகாப்டரைத் தரையில் நிறுத்தி ரிமோட்டை எடுத்தான்.

“மழை நாளைக்கே வருதாமே… அடுப்படி எந்தப் பக்கம்டா?”