மேகலாவின் முதல் பக்கம்

"வெப் பேஜ் செய்யக் கத்துக்கிட்டேன். அடுத்து என்ன சார்?" மேகலா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஜாவாஸ்கிரிப்ட் படி. முதல்ல உன்னைப் பத்தி ஒரு பக்கம் செஞ்சி இன்டர்நெட்ல போடும்மா. மெட்ராஸ் கம்பெனிக்காரங்க பாத்தா கூப்பிடுவாங்க," என்றார் கம்ப்யூட்டர் சென்டர் சார்.

போட்டாள். பெயர், பி.எஸ்சி. இயற்பியல், போட்டோ. வீட்டில் போன் இல்லாததால் பக்கத்து வீட்டு சுசீலா அக்காவின் நம்பர்.

"கார்த்திகை தீபம் வரைக்கும் பாப்பேன். வேலை வரலன்னா கட்டிக் குடுத்துடுவேன்," என்றார் அப்பா.

தினமும் சாயங்காலம் மேகலா பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கம்பெனிலேர்ந்து போன் வந்துச்சாக்கா?"

"வந்தா ஓடியாந்து சொல்ல மாட்டனாடி?"

தீபம் முடிந்தது. கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. "கம்ப்யூட்டரா? எங்க வீட்டுல டிவியே ஜாஸ்தி," என்று சிரித்தாள் வருங்கால மாமியார்.

நிச்சயதார்த்தத்தன்று மேகலாவுக்குப் பூ வைத்துவிட்ட சுசீலா அக்கா காதோரம் குனிந்தாள்.

"இப்பதான்டி எனக்கு நிம்மதி. மெட்ராஸ்லேர்ந்து நாலஞ்சு பசங்க போன் பண்ணானுங்க. உன்னைக் கம்ப்யூட்டர்ல பாத்தானுங்களாம், உங்கிட்ட பேசணுமாம். 'நிச்சயமான பொண்ணு, இனிமே பேசினா போலீஸுக்குப் போவேன்'னு விரட்டிட்டேன். உங்கப்பாகிட்டகூட மூச்சு விடல."

மேகலா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தன் மூணு வாட்டி கூப்ட்டான். நேர்ல வரச் சொல்லணுமாம், இன்டர்வியூவாம்! பொண்ணு பாக்கறதுக்கு இப்ப இப்படி ஒரு பேரு. தலையை ஆட்டாதடி, பூ விழுந்துடும்."