இருமலை எடுக்காத மைக்

“அண்ணா, இந்த மைக்க மாத்திக் குடுங்க. இதுல பேய் பேசுது.”

ஆண்டர்சன்பேட்டை மைக் கடைக்காரன் உமேஷ் சிரித்துவிட்டான். ஷில்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெங்களூர் கம்பெனி ஒன்று, ஆடியோ புத்தகம் வாசிக்க அவளிடம் சாம்பிள் கேட்டிருந்தது. வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். விடிவதற்குள் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, நசுங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிழைப்பு ஒழியும்.

போனில் பதிந்து அனுப்பிய முதல் சாம்பிள் திரும்பி வந்துவிட்டது. பின்னணியில் யாரோ இருமுகிறார்களாம்.

யாரோ என்ன யாரோ! பக்கத்து வீட்டு ராஜப்பா தாத்தாதான். தங்கச் சுரங்கத் தூசு நெஞ்சில் குடியேறிவிட்ட மனுஷன். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

“நா அப்பவே சொன்னேன் இல்லமா? அதே வெலைக்கு டைனமிக் மைக் இருந்துச்சு. வாய்கிட்ட வர்றத மட்டும் எடுக்கும். நீதான் கொரல் பளிச்சுனு வேணும்னு கண்டென்சர் எடுத்துகினு போன. எறும்பு நடந்தாகூட எடுக்கும் அது.”

“இருமல் வரலண்ணா. நா ஜன்னல் சாத்துனா ரெக்கார்டிங்னு அர்த்தம், அப்ப இருமக் கூடாதுன்னு தாத்தாகிட்ட கறாரா சொல்லிட்டேன். இது வேற. மண்ணுக்குள்ள பொதைஞ்சவன் மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி. கேட்டுப் பாருங்க.”

ஹெட்போனை மாட்டிய உமேஷின் முகம் வெளுத்தது.

“ஃபேனயும் நிறுத்திட்டு, வாயத் தொறக்காம ஒரு தரம் பதிஞ்சு பாரு. மைக்க அப்படி இப்படித் திருப்பு. எந்தப் பக்கம்னு தெரியும்.”

மத்தியானம் ஷில்பா ஜன்னலைச் சாத்தினாள். ஃபேனை நிறுத்தி, மைக்கை ஆன் செய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. அமுங்கி, விக்கி, திணறி.

வீட்டுக்கு அடியில் பழைய சுரங்கம் ஓடுகிறது, உள்ளே இறங்கி மேலே வராமல் போனவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று லைனில் எல்லோரும் சொல்வதுதான். முதலில் மைக்கைத் தரைப்பக்கம் திருப்பினாள். சத்தம் குறைந்தது.

சுவர்ப்பக்கம் திருப்பினாள். கூடியது.

ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் ராஜப்பாவின் கால்கள் உதறிக்கொண்டிருந்தன. அவர் முகத்தின் மேல் ஒரு தலையணை. அதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள் அவர் மனைவி மங்கம்மா.

“ஐயோ பாட்டி! இன்னா பண்றீங்க? உயிரு போயிடும்!”

மங்கம்மா பதறிக் கையை எடுத்தாள். தலையணை மட்டும் விலகவில்லை. அதை இறுக்கிப் பிடித்திருந்தவர் ராஜப்பாவேதான்.

மங்கம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

“உஷ்! கத்தாத கண்ணு. ஜன்னல் சாத்திக்கீது, உன் ரெக்கார்டிங் கெட்டுப் பூடும்.”