ஈஸ்வரனின் காலை நடை

மதகுச் சுவரைக் கண்டதும் ஈஸ்வரன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

மாரீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரிங்க. இப்படி உக்காந்துட்டே இருந்தா எப்ப நடக்கறது?"

"செத்த இரு புள்ள. மூச்சு வாங்குது."

மூச்சு வாங்கத்தானே நடப்பது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஜோமோள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு படுத்தே கிடக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அறுத்த நெஞ்செலும்பு கூடும்வரை குடம், மூட்டை எதையும் தூக்கக் கூடாது.

புருசன் பெண்டாட்டி இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னாள். ஈஸ்வரன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

கள்ளு ஏற்றிப் போன ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்தது. ஓட்டிவந்தவர் தலையை வெளியே நீட்டினார். "ஈஸ்வரண்ணா, பாத்துப் பைய நடங்க."

ஈஸ்வரன் களைத்த முகத்தோடு கும்பிட்டான்.

மாநில எல்லையைத் தாண்டியிருந்த வடகரப்பதி முழுக்க இதே உபசாரம்தான். ஆஸ்பத்திரிக்கு யாரும் வர வேண்டாம், கிருமி தொற்றும் என்று சொல்லிவிட்டதால், ஊர் திரும்பியதும் மொத்தமாக வீட்டுக்கு வந்தார்கள். வார்டு மெம்பர் ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார். யார் யார் வீட்டிலிருந்தோ ஆட்டுக்கால் சூப் வந்தது. ஈஸ்வரன் சொட்டு விடாமல் குடித்தான்.

கட்டிலில் சாய்ந்துகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆபரேசனை விவரித்தான். மயக்க ஊசி போட்டது, கண் விழித்தபோது வாயில் குழாய் இருந்தது, தாகத்தில் நாக்கு மரக்கட்டையாக ஆனது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாரீஸ்வரி அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு காபி ஆற்றினாள். ஆற்றி ஆற்றிக் கை ஓய்ந்தது.

போகும்போது எல்லாரும் அவளிடம் சொன்னது ஒன்றேதான். "அவன நல்லாப் பாத்துக்க கண்ணு."

அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் காலை நடைக்குக்கூட வாய் வலிக்கக் கூப்பிட்டுத்தான் அவனைக் கிளப்ப வேண்டியிருந்தது.

தோப்பு முக்கில் பெரியமுத்துவின் வீடு. அவருடைய தம்பி மகனுக்குத்தான் இவர்களுடைய ஒரே மகள் ஆர்த்தியைக் கேட்டிருந்தார்கள். பேச்சு கூடிவரும் நேரம். பெரியமுத்துவின் மனைவி இவர்களைப் பார்த்ததும் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டாள். ஈஸ்வரன் கையில் ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்தாள்.

வாசற்படியோரம் ஒரு தவிட்டு மூட்டை கிடந்தது. வண்டிக்காரன் இறக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"மாரீஸ்வரி, எங்க ஊட்டுக்காரரு பால் சொசைட்டிக்குப் போயிட்டாரு. இத ஒரு கை புடி கண்ணு, கொட்டாய்க்குள்ள போட்டரலாம். தெனம் நடந்து நடந்து நீயும் நல்லாத் தெம்பாயிட்ட."

மாரீஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் இளநீரைப் பார்த்தான்.

அவள் அசையவில்லை. பார்வையையும் எடுக்கவில்லை.

ஈஸ்வரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். பெரியமுத்துவின் மனைவி பதறிப்போனாள். "ஐயோ, நீங்க உக்காருங்க தம்பி."

அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்து, வலது கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.

அந்தக் கையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கழுத்துவரை ஏற்றிக் குத்தியிருந்த சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கிய தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"நெஞ்ச அறுத்தது எனக்குங்க அக்கா. அவருக்கு ஒண்ணுமில்ல. அவரக் கூப்புடுங்க, நல்லாத் தூக்குவாரு."

பெரியமுத்துவின் மனைவி மூட்டையின் காதைப் பிடித்தபடியே நின்றாள்.

மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே செய்து முடித்த ஏற்பாடு அது. ஆம்பளைக்கு நோய் வந்தால் கஷ்டகாலம் என்பார்கள், பொம்பளைக்கு வந்தால் குறை என்பார்கள். தாய்க்கு நெஞ்சில் நோவு என்று தெரிந்தால் மகளை எவன் கட்டுவான் என்றாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு இது, மகளுக்கெல்லாம் வராது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ஆபரேசன் என் மகனுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். ஈஸ்வரன் அதற்கும் தலையை ஆட்டினான்.

மாரீஸ்வரி மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, அவளுடைய ஆபரேசன் அவனுடையதாகியிருந்தது. வாயில் குழாய் இருந்ததையும் தாகத்தையும் அவனிடம் அவள்தான் சொன்னாள். ஆறுதலுக்காகச் சொன்னாள்.

ஊக்கை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மாரீஸ்வரி தெருவில் இறங்கினாள். ஆர்த்தியிடம் என்ன சொல்வது என்று ஒரு கணம் நினைத்தாள். நடந்ததைச் சொன்னால் போதும் என்று தோன்றியது.

"என்ன தம்பி இது?" என்று பின்னால் கேட்டது.



நாற்காலி நகர்ந்தது. பிறகு, மூட்டை தோளில் ஏறும் சத்தம்.

ஒரு முனகல்கூட இல்லை.