ஒத்த டைல் மிஞ்சக் கூடாது

கொத்தனார் டேனி பாத்ரூமை அளந்து முடிப்பதற்குள், ஞானமுத்து வாசலுக்கும் அங்கேயுமாகப் பத்துத் தடவை நடந்துவிட்டார்.

"நூத்திப்பத்து சதுர அடி வருதுங்க சார். உடைசலுக்குக் கொஞ்சம் சேத்துக்கலாம்."

"ரெண்டு பாக்ஸ் கூடவே வாங்குங்க. மிஞ்சினா எதுக்காவது ஆகும்!" அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் அவர் மனைவி இசபெல்லா.

நாயுடுபுரத்துக் குளிரிலும் ஞானமுத்துவுக்கு வேர்த்தது. "ஏலே, ஒத்த டைல்கூட மிஞ்சக் கூடாது. திரும்ப அள!"

"பின்னாடி ஒண்ணு உடைஞ்சா இந்த வாத்து டிசைன் கிடைக்காதுங்க."

"கிடைக்கவே வேணாம்!"

அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, டேனியின் காதருகே குனிந்தார்.

"எங்க அண்ணன் பாத்ரூமுக்கு வாங்கினதுலயும் ரெண்டு பாக்ஸ் மிஞ்சிச்சு. எதுக்காவது ஆகும்னுதான் அண்ணியும் எடுத்து வச்சாங்க. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அண்ணனுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போனேன். அவரு கல்லறை பூரா டால்பின் துள்ளுதுலே!"