பல்லி சொன்னது

சமையலறைச் சுவரில் ஒரு குண்டு பல்பு இருந்தது. அதை ஒட்டியே ஒரு பல்லியும் இருந்தது. பல்புக்கு வெளிச்சம் கம்மி, சூடு ஜாஸ்தி. அந்தச் சூட்டில் பல்லி குளிர்காயும். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைத் தின்னும்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் எல்.ஈ.டி. பல்பு ஒன்றை வாங்கிவந்தார். பல்லி குண்டு பல்பின் பக்கம் திரும்பியது.

"அது சுடவே சுடாதாமே?"

"கத்தித் தொலைக்காதே," என்றது குண்டு பல்பு. "நம்ம பேச்சு இவங்களுக்குப் புரியாது. அந்தம்மா என் பக்கம்தான். நீ வாயை மூடிக்கிட்டு இரு, போதும்."

அது சொன்னபடிதான் நடந்தது. "நல்லா எரியறதை எதுக்குங்க கழட்டணும்?" என்று இழுத்தாள் வீட்டுக்காரி மரகதம்.

"கரண்ட் மிச்சமாகும். மாத்திடலாம் மரகதம்," என்று ஸ்டூலைப் போட்டார் அவர்.

பல்லியால் பொறுக்க முடியவில்லை. "வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!" என்று அலறியது.

மரகதம் அண்ணாந்து பார்த்தாள். சமையல் மேடையை விரலால் பயபக்தியோடு தட்டினாள்.

"பல்லியே சொல்லிடுச்சு. இனிமே யோசிக்காதீங்க, மாத்திடுங்க."

அவர் ஸ்விட்சை அணைத்து, குண்டு பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றினார்.

புது பல்பு பளிச்சென்று எரிந்தது. பக்கத்துச் சுவர் ஜில்லென்றே இருந்தது.

"நாம செஞ்சது சரிதானே?" என்று கேட்டாள் மரகதம்.

பல்லி இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

"சரிதான்," என்றார் அவர். "தப்புன்னா பல்லி சொல்லியிருக்காதா?"