குகைப் பூதம்

“உண்மையைச் சொல்லு. திருடின புரோகிராம் கோடுதானே அது?”

தோள்பையைக்கூட இறக்காமல் கேட்டாள் ஓவியக்காரி. கதவைத் திறந்தவன் கையில் தம்பிக்கு ஊட்டி முடித்த தட்டு இருந்தது. விபத்துக்குப் பிறகு தம்பிக்குப் படுக்கைதான் எல்லாம். வலது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும்.

“திருட்டு இல்ல” என்றான்.

எதையும் தாமதமாகவே முடிப்பதால் கேம் செய்யும் குழுவில் அவனுக்கு ஆமை என்று பெயர். அவன் உயிராய் விளையாடிய ஒரு பழைய வீடியோ கேமின் கம்பெனி என்றோ மூடிவிட்டது. ரசிகனான அவனே அதன் அடுத்த பாகத்தை எழுதினான். அவள் சும்மாவே படங்கள் வரைந்து கொடுத்தாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் இணையத்தில் வந்து இலவசமாக விளையாடினார்கள்.

“அப்புறம் என்ன பயம்? கேமோட கோடைப் பொதுவுல வைக்கிறேன், யார் வேணா படிக்கலாம், திருத்தலாம்னு வாக்குக் குடுத்தது நீதானே ஆமை? ஓப்பன் சோர்ஸ், ஓப்பன் சோர்ஸ்னு தொண்டை கிழியக் கத்தினியே!”

“அது பூதத்தைச் சேர்க்கறதுக்கு முன்னாடி.”

“எல்லாரும் கேக்கறதே அந்தக் குகைப் பூதத்தைத்தான்! புதுசா வர்றவனுக்கு விட்டுக் குடுக்குது. திமிர் பிடிச்சவனை ஓட ஓட விரட்டுது. போன வாரம் ஒருத்தன் சண்டை போட மனசில்லாம சும்மா நின்னானாம், அதுவும் பக்கத்துல வந்து உக்காந்துச்சாம். அந்த மூளையை நீ எப்படி எழுதினேன்னு நாங்க பாக்க வேண்டாமா?”

“மிச்சம் எல்லாத்தையும் தர்றேன். பூதத்தை மட்டும் விட்டுடு.”

“மிச்சத்தை வச்சு நாக்கு வழிக்கவா?” அவள் குரல் உயர்ந்தது. “ஒரு நேரத்துல ஒரு ஆளைத்தான் குகைக்குள்ள விடுது. வேளாவேளைக்குக் கதவு வேற மூடிக்குது, இப்பக்கூட மூடித்தான் கிடக்கு. அந்தக் கோளாறையாவது நாங்க சரி பண்றோம். சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இல்லன்னா கூண்டோட விலகிடுவோம். அப்புறம் உன் குகைப் பக்கம் ஈ காக்கா வராது.”

ஈ காக்கா வராத குகை. அதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோடைப் பொதுவில் வைத்தாலோ, எல்லோரும் வருவார்கள். ஆனால் ஒருவனும் மனதார அடிக்க மாட்டான். தட்டை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றான்.

கடைசியில் கணினியின் பக்கம் கையைக் காட்டினான். “நீயே பாரு.”

அவள் உட்கார்ந்தாள். மரம், மழை, பாலம் என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்தாள். எல்லாம் பக்கம் பக்கமாக அவன் எழுதியது. கடைசியில் பூதத்தின் கோப்பு. அதில் நாலைந்து வரிகளுக்கு மேல் எதுவும் இல்லை. மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

“என்ன ஆமை இது? மூளை எங்க?”

உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, நான்தான் சாப்பிட்டாச்சே, குகையைத் திற. அடுத்து வர்றவனை ஜெயிக்க விடப் போறேன்.”