ஐம்பது ராத்தல்

1914, அமெரிக்காவின் ஐடஹோ. ஒரு மலையூரின் ரயிலடியில் தராசு முள்ளைப் பார்த்த ரயில் தபால்காரர் ஆர்வில் உதட்டைப் பிதுக்கினார்.

“ஐம்பது ராத்தலுக்கு மேல பார்சல் எடுக்கக் கூடாதும்மா. இது அரை ராத்தல் கூட இருக்கு. அடுத்த ரயிலுக்குப் பாக்கலாம்.”

பார்சல் அனுப்ப வந்த ஹில்டா தராசை மறித்து நின்றாள். “அண்ணே, பனி மூடிட்டா மார்ச்சுலதான் அடுத்த ரயிலு. இங்க வச்சிருந்தா இந்தக் குளிரத் தாங்காது. அங்க எங்கக்கா ஸ்டேஷன்லயே வந்து வாங்கிக்குவா.”

“சட்டத்த நானா போட்டேன்? உடையுற சாமானா?”

“பாத்துத் தூக்கினாப் போதும்ணே.”

“அப்ப எதையாவது எடுத்துட்டு எடையக் குறை.”

தராசில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பார்சல் கேட்டது: “அம்மா, பூட்ஸக் கழட்டிடவா?”

முள் இறங்கியது. ஆர்வில் சிறுமியின் கோட்டில், ரயில் டிக்கெட்டை விட மலிவான அந்த ஸ்டாம்பை ஒட்டினார்.

“பூட்ஸ என்கிட்ட குடு கண்ணு. நானும் அதே ரயில்லதான் வர்றேன். என்னை எவனும் எடை போடுறதில்ல.”